உரிமை வாங்கிவிட்டோம், விண்ணப்பம் போட்டோமா?

(சிவகாசியில் பிளஸ் டூ மாணவர்களும் பெற்றோர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

   

நாள் கணக்கைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த முடியாது. ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டுக் காலண்டருக்கு ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கிற ஊர் சிவகாசி. இந்தத் தீபாவளிப் புகை அடங்கிய சில வாரங்களில் அடுத்த தீபாவளிக்கு மருந்து கலக்கத் தொடங்குகிற ஊர். நாடு முழுவதற்கும் தேதி அச்சடித்துக் கொடுக்கிற நம் ஊரில், நம் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று தெரியாமல் நிற்கிறான் என்றால், அதை என்னவென்று சொல்வது?

மதிப்பெண் இல்லை, அதனால் கல்லூரி இல்லை என்று யாரும் இங்கே சாக்குச் சொல்ல முடியாது. பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் தொடர்ந்து தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் விருதுநகர் மாவட்டம். 2023ஆம் ஆண்டிலும் 97.85 விழுக்காட்டுத் தேர்ச்சியோடு அதுவே முதலிடம். ஆக, தேர்வு என்ற வாசலை நம் பிள்ளைகள் தாண்டிவிடுகிறார்கள். அதற்கு அடுத்த வாசலில்தான் தடுமாறுகிறார்கள். அந்த வாசல் இன்று கல்லூரி கேட்டில் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்த இடம் சும்மா வந்ததா?

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: 'நீங்கள் எந்த வகுப்பைச் சேர்ந்தவர்?' அதற்கு நேரே ஒரு பட்டியல் விரியும். அதில் 'பி.சி.எம்.' என்று ஒரு வரி இருக்கும். பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம் என்று பொருள். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்துபோகிற வேலை. ஆனால் அந்த ஒரு வரி அங்கே வருவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின தெரியுமா?

1927இல் சென்னை மாகாணத்தில் எஸ். முத்தையா முதலியார் முயற்சியால் வகுப்புவாரி உரிமை ஆணை நடைமுறைக்கு வந்தது. 12 வேலை இடங்கள் இருந்தால் அதில் 2 முஸ்லிம்களுக்கு. 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த வகுப்புவாரி முறை செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தமே வந்தது. ஆனால் சமுதாயத்தின் பெயரில் தனி இடம் என்பது அத்தோடு போய்விட்டது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கினி முஸ்லிம், மாப்பிள்ளை, தூதேகுலா, அன்சார் என்று நம்மில் பல பிரிவினர் பொதுவான பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். ஆனால் பெரிய பந்தியில் கடைசி இலையாக இருந்தார்கள். இலை இருந்தது, சோறு வந்து சேருவதற்குள் பாத்திரம் காலியாகிவிடும்.

எத்தனை மாநாடுகள்! எத்தனை பேரணிகள்! எத்தனை மனுக்கள்! கடைசியில் 2007 செப்டம்பரில் அவசரச் சட்டம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டில் இருந்து 3.5 விழுக்காடு முஸ்லிம்களுக்கென்று தனியாகப் பிரிக்கப்பட்டது. கல்வியிலும், அரசு வேலையிலும்.

சரி, பிரித்து வைத்த இடத்தில் உட்கார ஆள் வந்தாரா? இதுதான் இன்றைய கேள்வி. தகுதியான முஸ்லிம் மாணவர் வரவில்லை என்றால் அந்த இடம் நமக்காகக் காத்துக்கொண்டிருக்காது. பொதுவான பிற்படுத்தப்பட்டோர் கணக்குக்குப் போய்விடும். சட்டம் அப்படித்தான். யாரும் பறித்ததாகச் சொல்ல முடியாது. நாம் கேட்டுப் பெற்றதை நாமே வாங்காமல் விட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு கட்டத்தில் மூன்று பிழைகள்

அந்த ஒரு வரியில் நம் பிள்ளைகள் மூன்று விதமாகத் தவறுகிறார்கள்.

முதல் பிழை: அப்பாவின் பழைய சான்றிதழில் 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு' என்று மட்டும் இருக்கும். அது 2007க்கு முன்பு வாங்கியது. அதைப் பார்த்து மகனும் 'பி.சி.' என்று போட்டுவிடுவான். சான்றிதழ் ஒன்று சொல்ல, விண்ணப்பம் வேறொன்று சொல்லும். சரிபார்ப்பில் சிக்கல்.

இரண்டாம் பிழை: சாதிச் சான்றிதழே கையில் இருக்காது. 'நமக்கு எதற்கு சாதிச் சான்றிதழ், நாம் முஸ்லிம்தானே' என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். மார்க்கத்தில் சாதி இல்லை என்பது உண்மை. அரசுப் பதிவேட்டில் வகுப்பு உண்டு என்பதும் உண்மை. சான்றிதழ் இல்லாதவர் பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும்.

மூன்றாம் பிழை ஒரு பயம். 'பி.சி.எம். என்று போட்டால் அந்த 3.5க்குள் மட்டும் அடைத்துவிடுவார்கள், பொதுப் போட்டியில் இடம் கிடைக்காது' என்ற பயம். சகோதரர்களே, இது தவறு. 31 விழுக்காடு பொதுப் போட்டி இடம் எல்லா வகுப்பாருக்கும் பொது. நல்ல மதிப்பெண் இருந்தால் பி.சி.எம். மாணவருக்கும் முதலில் அங்கேதான் இடம் பார்ப்பார்கள். அங்கே எட்டாதபோது தனி ஒதுக்கீடு கை கொடுக்கும். அந்த வரியைத் தேர்ந்தெடுப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். மாநில அரசுப் பட்டியல் வேறு, மத்திய அரசுப் பட்டியல் வேறு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் 'பி.சி.எம்.' என்ற பிரிவே கிடையாது. அங்கே ஓ.பி.சி. அதற்குத் தனிப் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்று குறிப்பிட்டு, தாசில்தாரிடம் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதம் முதலில், கம்ப்யூட்டர் பிறகு

ரிசல்ட் வந்த மறுநாள் என்ன நடக்கிறது? நூறு குடும்பங்கள் ஒரே நேரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடுகின்றன. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் அன்றைக்குத்தான் ஞாபகம் வரும். அந்த மனு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, வருவாய் ஆய்வாளரைப் பார்த்து, தாசில்தார் அலுவலகம் போய், கையொப்பமாகித் திரும்பி வர வேண்டும். மாவட்டம் முழுவதும் அதே வாரத்தில் மனுப் போட்டால் எப்படி வரும்?

சரக்கு ஏற்றுகிற அன்று லாரிக்குச் சொல்லுகிற வியாபாரி உண்டா? சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழையும் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே கேட்டு வைக்கலாம். வருமானச் சான்றிதழ் மட்டும் அந்தந்த ஆண்டுக்குப் புதிதாக வேண்டும்.

முதல் பட்டதாரி என்றால் என்ன? குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்பது. 2010-11 கல்வி ஆண்டில் இருந்து, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் முதல் தலைமுறை மாணவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை தரப்படுகிறது. கலந்தாய்வு வழியாக என்ற சொல்லை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்காமல் நேரே நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது. 'அலைச்சல் இல்லாமல் சீட் வாங்கித் தருகிறேன்' என்று ஒரு புரோக்கர் வருவார். அந்த அலைச்சலுக்கு நீங்கள் கொடுக்கிற விலை, நான்கு ஆண்டுச் சலுகை முழுவதும்!

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்து படித்த பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வாசல் உண்டு. மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்கல்விகளில் 2021இலும் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. அதிலும் வகுப்புவாரிப் பங்கீடு உண்டு. பள்ளியில் இருந்து படிப்புச் சான்று வாங்கி விண்ணப்பத்தோடு ஏற்ற வேண்டும். பள்ளி விடுமுறை விட்டபின் தலைமையாசிரியரைத் தேடி அலையாதீர்கள்.

பெயரில் இருக்கிறது வழக்கு

நம் சமுதாயத்துக்கென்றே ஒரு தனித் தொல்லை இருக்கிறது. அது பெயர்.

'முஹம்மது' என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஒரு 'எம்' போடுவோர், இரண்டு 'எம்' போடுவோர், கடைசியில் 'ஏ' போடுவோர், 'இ' போடுவோர், சுருக்கி இரண்டே எழுத்தில் முடிப்போர். ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று, வங்கிக் கணக்கில் ஒன்று, சாதிச் சான்றிதழில் இன்னொன்று. இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் வாப்பாவின் முழுப் பெயராக. மனிதர் பார்த்தால் ஒரே பையன் என்று புரிந்துகொள்வார். கம்ப்யூட்டருக்கு இரக்கம் கிடையாது. எழுத்து மாறினால் ஆள் வேறு என்று சொல்லிவிடும். உதவித்தொகை அனுமதியான பிறகும் வங்கிக் கணக்கில் பணம் ஏறாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

எதை அடிப்படையாக வைப்பது? பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரை வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்பத் திருத்துங்கள். பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியல் தயாரித்து, மாணவரிடம் காட்டிச் சரிபார்ப்பார்கள். அப்போது எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பில் புத்தகத்தில் கடைப் பெயர் ஒரு எழுத்துத் தவறாக அச்சானால் அச்சாபீசில் போய்ச் சண்டை போடுகிறோம். பிள்ளை பெயரில் பிழை இருந்தால் 'பரவாயில்லை' என்கிறோம். இது நியாயமா?

நெட் சென்டர்காரர் உங்கள் பிள்ளை அல்ல

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். கைபேசி எண் கேட்கும். அதற்கு ஓ.டி.பி. வரும். பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அவசரத்தில் நாம் என்ன செய்கிறோம்? 'அண்ணே, உங்க நம்பரையே போட்டுருங்க' என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

அன்றைக்கு அவருக்கு அறுபது விண்ணப்பம். மனிதர் கெட்டவர் அல்ல, உதவிதான் செய்கிறார். ஆனால் தரவரிசைப் பட்டியல் வெளியான தகவல், சான்றிதழ் குறைபாடு பற்றிய தகவல், கலந்தாய்வுத் தேதி எல்லாம் அவர் போனுக்குத்தான் போகும். அறுபது பேரைக் கூப்பிட்டுச் சொல்வாரா? தேதி போனபின் நீங்கள் கல்லூரி வாசலில் நிற்கும்போது, 'மெசேஜ் அனுப்பினோமே' என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யாக இருக்காது.

வணிகப் பெருமக்களே, உங்களிடம் கேட்கிறேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. மாதந்தோறும் ஆன்லைனில்தான் கணக்குக் காட்டுகிறீர்கள். தேதி தவறினால் அபராதம் என்பதால் பத்து நாளைக்கு முன்பே ஆடிட்டருக்குப் போன் செய்கிறீர்கள். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பீர்களா? பிள்ளையின் நான்கு ஆண்டுப் படிப்பு அதைவிட மலிவா?

படிவத்தை நிரப்ப யார் உதவியும் பெறலாம். ஆனால் எண் உங்கள் வீட்டு எண்ணாக இருக்கட்டும். பாஸ்வேர்டு உங்கள் நோட்டில் இருக்கட்டும். மகளின் எண்ணைக் கொடுக்கத் தயக்கமென்றால் தாயின் எண்ணைக் கொடுங்கள். அடுத்தவர் எண் வேண்டாம். மகளின் போட்டோவும் சான்றிதழும் அடுத்தவர் கம்ப்யூட்டரில் கிடக்கவும் வேண்டாம். வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். அனுப்பியபின் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ரசீது.

நான் இளைஞர்களுக்குச் சொல்வது: உங்கள் விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள். தெரியாத இடத்தில் கேளுங்கள். ரீல்ஸ் போடத் தெரிந்த விரலுக்குப் படிவம் நிரப்பத் தெரியாதா?

மூன்று வாசல், மூன்று தேதி

முதல் வாசல், அரசு கலை அறிவியல் கல்லூரிகள். 2020இல் இருந்து தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே ஆன்லைன் விண்ணப்பம். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். மொத்தம் ஐம்பது! ஒரு பாக்கெட் புஸ்வாணத்துக்கு வருகிற காசா இது? விண்ணப்பம் ஆன்லைனில் போனாலும், தரவரிசைப் பட்டியலும் கலந்தாய்வும் அந்தந்தக் கல்லூரியில்தான். அன்றைக்கு அசல் சான்றிதழோடு நேரில் போக வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் அரசுக் கல்லூரிகளிலேயே உதவி மையம் வைத்திருக்கிறார்கள். 2025இல் இந்த விண்ணப்பப் பதிவு மே 7 அன்றே தொடங்கியது. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததோ மறுநாள், மே 8 அன்று!

இரண்டாம் வாசல், பொறியியல். 1997இல் ஒற்றைச் சாளர முறை வந்தபோது மாணவர்கள் சென்னைக்கு ரயிலேறினார்கள். 2018இல் இருந்து கலந்தாய்வு முழுவதும் ஆன்லைன். நுழைவுத்தேர்வு 2007இலேயே போய்விட்டது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆக 200க்குக் கட்-ஆப். சான்றிதழை ஏற்றுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். அதற்குப் பிறகுதான் விருப்பப் பட்டியல் போட வேண்டும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று நீங்கள் உண்மையில் விரும்புகிற வரிசையில் போடுங்கள். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழாகத்தான் பார்த்து வரும். இரண்டே கல்லூரியைப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். முந்தைய ஆண்டில் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில், பி.சி.எம். பிரிவில் கடைசி மாணவர் என்ன கட்-ஆப் என்று அவர்களே வெளியிடுகிறார்கள். சந்தை விலை தெரியாமல் சரக்கு வாங்குவோமா? அதைப் பார்த்துப் பட்டியல் போடுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாவிட்டால் கிடைத்த இடம் கைநழுவும்.

மூன்றாம் வாசல், மத்தியப் பல்கலைக்கழகங்கள். திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. புதுச்சேரி, ஹைதராபாத், அலிகர் எல்லாம் இருக்கின்றன. 2022இல் இருந்து இவற்றின் பல இளநிலைப் படிப்புகளுக்குக் 'கியூட்' என்ற பொது நுழைவுத்தேர்வு வந்திருக்கிறது. இதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். ரிசல்ட் வந்தபின் விசாரித்தால், போன பஸ்ஸுக்குக் கை காட்டிய கதைதான்.

இந்த மூன்றிலும் சேராத வாசல்களும் உண்டு. நம் ஊர் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, பெண்களுக்கான ஸ்டாண்டர்டு பயர் ஒர்க்ஸ் ராஜரத்தினம் கல்லூரி போன்ற தனியார் கலைக் கல்லூரிகளுக்கு அந்தந்தக் கல்லூரியில்தான் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருந்தால், எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று கேட்டுச் சேருங்கள். கட்டணம் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசப்படும். மதுரை வக்பு வாரியக் கல்லூரி, பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி, உத்தமபாளையம் கருத்த ராவுத்தர் கல்லூரி, திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி என்று சமுதாயக் கல்லூரிகளும் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

ஓரிடத்தில் பணம் கட்டியபின் வேறு நல்ல இடம் கிடைத்தால் என்ன செய்வது? பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி போட்டிருக்கிறது. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது. எத்தனை நாளுக்குள் விலகுகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே விலகுவதாக இருந்தால் உடனே, எழுத்து மூலமாக எழுதிக் கொடுங்கள்.

'அஞ்சல் வழியில் படிக்கட்டுமே'

இனி, பெற்றோர்கள் மனத்தில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். 'எதற்கு முழுநேரப் படிப்பு? அஞ்சல் வழியில் ஒரு பி.காம். போட்டுவிட்டுக் கடையில் உட்காரட்டுமே!'

அஞ்சல் வழிக் கல்வியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழிக் கல்வியால்தான் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு தலைமுறை பட்டம் பெற்றது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வேறு வழியே இல்லாதவர் அதைப் படிக்கட்டும்.

வழி இருப்பவர் ஏன் அதோடு நிற்க வேண்டும்? பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம் இவற்றை அஞ்சலில் படிக்க முடியாது. ஆய்வுக்கூடம் அஞ்சலில் வராது. கல்லூரிக்கு வேலைக்கு ஆளெடுக்க வரும் கம்பெனிகள் கடைக்கு வராது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தது, தகுதியுள்ள பள்ளிகளில் படித்து வந்து கல்லூரியில் நேரடியாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான். எந்தச் சலுகை எந்த ஆண்டு நடைமுறையில் இருக்கிறது என்பதைச் சேரும்போதே கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்கு ஆள் வேண்டும், அதுவும் நியாயம்தான். சில அரசுக் கல்லூரிகளில் முற்பகல், பிற்பகல் என்று இரண்டு சுழற்சி வகுப்புகள் நடக்கின்றன. பாதி நாள் கல்லூரி, பாதி நாள் கடை என்று பிள்ளை இரண்டையும் பார்க்கலாம். 2022இல் இருந்து ஒரு நேரடிப் படிப்போடு ஒரு தொலைநிலைப் படிப்பையும் சேர்த்துப் படிக்க மானியக் குழு அனுமதித்திருக்கிறது. அஞ்சல் வழி பி.காம். கூடுதலாக வரட்டும்; ஒன்றுக்கு மாற்றாக வர வேண்டாம்.

இந்த ஊரில் தொழில் எப்படி நிற்கிறது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேரியம் கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. அடுத்த மாதமே ஆலைகள் மூடின. மாதக்கணக்கில் திறக்கவில்லை. பயராபீஸ் மூடினால் அட்டைப்பெட்டி நின்றது, லேபிள் அச்சு நின்றது, லாரி நின்றது, மளிகைக்கடைக் கடன் நோட்டு மட்டும் நீண்டது. ஒரே தொழிலில் ஒரு குடும்பத்தின் நான்கு ஆண்களையும் நிறுத்துவது வியாபார புத்தியா? ஒரு பிள்ளையாவது வேறு துறையில் நின்றால்தானே, ஒரு பக்கம் சாயும்போது மறு பக்கம் தாங்கும்? வேதியியல் படித்த ஒரு பையன் திரும்பி வந்து இதே தொழிலுக்குப் புது வழி காட்டவும் கூடும்!

வணிகர்களிடம் ஒரு வேண்டுகோள்

திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி 1951இல் எழுந்தது. அதன் வரலாற்றில் நிற்கும் ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் வணிகர்கள். அவர்கள் கல்லூரியே கட்டினார்கள். உங்களிடம் நான் கல்லூரி கேட்கவில்லை. ஒரு மேசை கேட்கிறேன்.

ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு மேசை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர். ஏப்ரல் முதல் ஜூலை வரை, மாலை நேரத்தில், கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்கள் இரண்டு பேர் அங்கே உட்காரட்டும். மாணவர்களுக்கு ஒரு நாள், மாணவிகளுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு நாள். ஒரு நோட்டில் பிளஸ் டூ படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, பெயர் ஒத்துப்போகிறதா, எங்கெங்கே விண்ணப்பம் போனது, அடுத்த தேதி எது? பாஸ்வேர்டு மட்டும் அந்த நோட்டில் எழுதப்படக் கூடாது. அது பிள்ளையிடம் இருக்கட்டும். பக்கத்து வீட்டு மாற்றுமதப் பிள்ளை வந்தாலும் அதே மேசையில் உட்கார வைத்துப் போட்டுக் கொடுங்கள்.

உங்கள் கடையில் வேலை பார்க்கும் பையன் பிளஸ் டூ முடித்தவனா? கலந்தாய்வு அன்று சம்பளத்தோடு விடுமுறை கொடுங்கள். அவன் வாப்பாவுக்கு விவரம் தெரியாதென்றால் கூடப் போக ஒரு ஆளையும் அனுப்புங்கள். தரமான வேலைக்காரனை இழக்கிறோமே என்று பார்க்காதீர்கள். அவன் படித்து வந்தால், நாளைக்கு உங்கள் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டராக அவனே வரலாம்.

மாதம் வாரியாகச் சொல்லி முடிக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் சாதிச் சான்றிதழும் பெயர்த் திருத்தமும். பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையில் முதல் பட்டதாரிச் சான்றிதழும் ஓ.பி.சி. விசாரணையும். அப்போதிருந்தே கியூட் அறிவிப்பு வந்துவிட்டதா என்று பார்ப்பது. ஏப்ரலில் வருமானச் சான்றிதழ், போட்டோ, ஸ்கேன். மே மாதத்தில் விண்ணப்பம். ஜூன், ஜூலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருப்பது. இந்தத் தேதிகளை உங்கள் ஊர் அச்சடித்த காலண்டரிலேயே சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.

உரிமையைப் பெற ஊர் கூடிப் போராட வேண்டியிருந்தது. அதைப் பயன்படுத்த ஊர் கூட வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் விழித்திருந்தால் போதும். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து, பிள்ளையின் சாதிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். இருக்கிறதா? அதில் என்ன எழுதியிருக்கிறது? இல்லையென்றால், நாளைக் காலைக் கடை திறப்பதற்கு முன் முதல் வேலை அதுவாகட்டும்.